காருக்குள் வந்த மந்தர ஒலி

தெருவில் ஒரு கார் கடந்து செல்கிறது. அதனுள் ஒலிக்கும் பாட்டின் சொற்கள் நம் காதில் விழுவதில்லை. ஆனால் நம் வீட்டுச் சன்னல் கண்ணாடி அதிர்கின்றது. அவ்வதிர்வை உண்டாக்கும் கருவியைச் சப்வூஃபர் என்பர். நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 100 வரை அதிர்வுகள் கொண்ட மந்தர ஒலியை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி அது. வாங்குவோர் அதன் அகலத்தைக் கேட்பர். வாட் எத்தனை என்று கேட்பர். அதனை எந்தப் பெட்டியில் பொருத்துவது என்று கேட்போர் சிலரே. ஆயினும் இக்கருவியின் வரலாறு பெரும்பாலும் பெட்டியின் வரலாறே ஆகும்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர், 1925-ஆம் ஆண்டில் ஊதுகுழல் இல்லாத ஒலிபெருக்கி ஒன்றை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றைத் தள்ளுகின்றது. இன்றைய சப்வூஃபரும் அடிப்படையில் இதுவே.

ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகின்றது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கின்றது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். உச்ச ஒலிக்கு இதனால் பெருங்கேடில்லை. மந்தர ஒலியின் அலையோ மிக நீண்டது. நொடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். கூம்பின் விளிம்பு அதற்கு ஒரு தடையே அன்று. ஆகவே கூம்பை அகன்ற பலகையில் பொருத்தினர். காரின் பின்னிருக்கைக்குப் பின்னுள்ள தட்டில் ஒலிபெருக்கியைப் பதித்து, சாமான் அறையையே அதன் பின்பெட்டியாகக் கொள்ளும் முறை இப்பலகையின் வழித்தோன்றலே. தட்டில் ஓட்டைகள் இருந்தால் அம்முயற்சி வீண்.

பின்புற ஒலியை ஏன் வீணாக்க வேண்டும் என்று எண்ணியவர், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தூராஸ். அவர் பெட்டியில் ஒரு குழாயை வைத்தார். வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் ஓர் ஒலி எழுகின்றதல்லவா? அதுபோல் பெட்டியின் காற்றும் குழாயின் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வில் ஒலிக்கும். அப்போது குழாய்வழி வரும் ஒலி, கூம்பின் முன்புற ஒலிக்குத் துணையாகின்றது. இதற்கு 1932-இல் காப்புரிமை கிடைத்தது.

1954-இல் எட்கர் வில்ச்சர் நேர்மாறான வழியை மேற்கொண்டார். சிறிய பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்பின் வில்லாக்கினார். தம் மாணவராயிருந்த ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அதனைத் தயாரித்தும் விற்றார். வீட்டு அறைக்காக அவர் செய்த மூடிய பெட்டி காருக்கு இன்னும் பொருந்துகின்றது. காரின் உட்புறம் ஒலியலையைவிடச் சிறியதாதலால், மிகத் தாழ்ந்த ஒலிகளில் அழுத்தம் தானே உயர்கின்றது. மூடிய பெட்டி அவ்விடத்தில் இழப்பதை அது பெருமளவு ஈடுசெய்கின்றது.

குழாய்ப் பெட்டியின் அளவுகளோ பல்லாண்டுகள் ஊகத்திலேயே நின்றன. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல், பெட்டியை ஒரு மின்வடிகட்டியைப்போல் கருதிக் கணக்கிடலாம் எனக் காட்டி 1961-இல் கட்டுரை எழுதினார். அது வெளிவந்த இடம் அந்நாட்டுப் பொறியாளர் சங்க இதழ். உலகம் அதனைக் கண்டுகொள்ளவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1971-இல், அமெரிக்க ஒலிப்பொறியாளர் கழக இதழ் அதை மறுபதிப்புச் செய்த பிறகே அது பரவலாகப் பயிலப்பட்டது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ரிச்சர்டு ஸ்மால் அதனை விரிவாக்கினார். இன்று சப்வூஃபருடன் வரும் தாளில் அச்சிடப்படும் தீல்–ஸ்மால் அளவுகள் இவ்விருவர் பெயரால் வழங்குபவை. பலர் அத்தாளை அட்டைப்பெட்டியோடு எறிந்துவிடுகின்றனர். பிறகு ஒலி சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டையிடுகின்றனர்!

இனி மின்சாரத்தின் பக்கம் வருவோம். சிக்காகோவில் பால் கால்வின் 1930-இல் மோட்டோரோலா என்னும் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தார். வால்வுகளுக்கு உயர்ந்த வோல்ட் அழுத்தம் தேவை; கார் பாட்டரியோ அக்காலத்தில் 6 வோல்ட். 1950-களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. டிரான்சிஸ்டர் வந்தபின் அந்தப் பாட்டரியிலிருந்தே ஒலிபெருக்கியை நேரே இயக்க முடிந்தது. எனினும் எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டைக் கொண்டு, 4 ஓம் சுருளுக்குச் சுமார் 25 வாட்டுக்கு மேல் தர இயலாது. ஓம் விதியை அறிந்தவர் இதனைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். தடையைப் பாதியாக்கினால் ஆற்றல் இரட்டிக்கும். ஆகவே இரண்டு 4 ஓம் சுருள்களைப் பக்க இணைப்பில் கட்டி 2 ஓம் ஆக்கினர். தொடர் இணைப்பில் கட்டினால் 8 ஓம். நான்கு சுருள்கள் இருந்தால், இரண்டிரண்டாகத் தொடரில் சேர்த்து அவ்விரு தொகுதிகளையும் பக்கமாக இணைக்க, மீண்டும் 4 ஓம் கிடைக்கும். பாட்டரியின் அழுத்தத்தைப் பெருக்கும் மாற்றிகள் ஆம்ப்ளிஃபயருக்குள் வந்தபின் நூற்றுக்கணக்கான வாட் எளிதாயிற்று. இருப்பினும் ஆம்ப்ளிஃபயர் தாங்கும் குறைந்த ஓம் எவ்வளவு என்று பாராமல் இணைத்தால் அது சூடேறிக் கெடும். பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இல்லாவிடில், உராய்ந்து தோலுரிந்த கம்பி காரையே எரித்துவிடக்கூடும்.

இரண்டு சப்வூஃபர்களில் ஒன்றை முனை மாற்றி இணைத்துவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். ரைஸும் கெல்லாக்கும் பலகை வைத்துத் தடுத்த அதே அழிவு முன்புறத்திலேயே நிகழும். ஒலி குறைந்ததேன் என்று தெரியாமல் இன்னும் பெரிய கருவியை வாங்குவோரும் உளர். சோதிக்க 1.5 வோல்ட் டார்ச்சு செல் ஒன்று போதும். இணைப்பைக் கழற்றிவிட்டு, சுருளின் முனைகளில் அதனை ஒரு கணம் தொடவேண்டும். கூம்பு வெளிப்புறம் நகர்ந்தால், செல்லின் நேர்முனை தொட்ட இடமே சுருளின் நேர்முனை.