பின்னால் வருகிற மணி

சைக்கிளில் போகும்போது ஹெட்போனில் சங்கீதம் கேட்கலாமா என்ற கேள்வியைப் போலீஸ்காரரிடமும் டாக்டரிடமும் விட்டுவிடுவது நம் வழக்கம். ஆபத்து, ஆகவே கூடாது என்பார்கள். சரிதான். ஆனால் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடுவதில்லை. கேட்பது என்ற காரியம் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் ரேடியோ முதலில் ஹெட்போன் வழியாகவே பலர் காதை எட்டியது. 1924 ஜூலை 31 அன்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, வால்வு செட் வாங்க வசதியற்றவனுக்குக் கிரிஸ்டல் செட்தான் கதி. அதற்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் அதில் வருகிற மெல்லிய ஒலியை ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டுதான் கேட்க முடியும். அது வசதியின்மையால் வந்த தனிமை; யாரும் விரும்பி ஏற்றதல்ல. பணமில்லாமல் 1927ல் கிளப் நின்றுபோயிற்று. அதன் டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சி கைக்கு வந்து, 1930ல் ஒலிபரப்பு மறுபடி தொடங்கியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். மணலில் உட்கார்ந்திருந்த எவர் காதிலும் சங்கீதம் விழுந்தது. இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. பொது ஒலிபெருக்கியில் பிடிக்காதவனும் கேட்டாக வேண்டும். ஆடி மாதத்தில் நம் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

காதை மூடிக்கொள்வது ஒரு விருப்பமாக மாறியது சோனியின் வாக்மனால். 1979 ஜூலை 1ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் மாடலில் இரண்டு பேர் ஹெட்போன் செருகிக் கேட்க இரண்டு துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, ஒருவர் பேச்சு மற்றவர் காதில் கேட்கும். வீட்டில் பரிசோதித்துப் பார்த்தபோது தன் மனைவி ஒதுக்கப்பட்டதாக உணர்ந்ததை அகியோ மொரீட்டா எழுதியிருக்கிறார். ஒருவன் மட்டும் தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று அவருக்குப் பட்டது. பிறகு வந்த மாடல்களில் பொத்தான் போயிற்று. நாளடைவில் இரண்டாவது துளையும் போயிற்று. வாங்கியவர்களுக்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1982ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வுட்பிரிட்ஜ் என்ற ஊர், ஹெட்போனுடன் தெருவைக் கடப்பதையே தடை செய்தது. பிரான்ஸ் 2015 ஜூலை 1 முதல் சைக்கிள்காரர்களையும் சேர்த்துத் தடுத்தது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டலில் சேர்த்தது. சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. முன்பு நம் போலீஸார் பிடித்ததெல்லாம் விளக்கில்லாமல் போனவனையும் டபுள்ஸ் போனவனையும்தான்.

நான் பாலவாக்கத்திலிருந்து அடையாறுக்கு வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறவன். ஒரு மாலை, கொட்டிவாக்கம் தாண்டி வரும்போது காதில் தோடி ஆலாபனை ஓடிக்கொண்டிருந்தது. நின்றிருந்த வேன் ஒன்றை ஒதுக்கிச் சட்டென்று வலப்புறம் திருப்பினேன். பின்னால் டீ கேனுடன் சைக்கிளில் வந்த பெரியவர் என்மேல் மோதாமலிருக்க ஒடித்துக் கீழே விழுந்தார். டீ முழுவதும் ரோட்டில். அடி பலமாக இல்லை. பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். "எம்மா நேரம் பெல் அடிச்சேன், காதுல விழலையா சார்?" என்றார். கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார்.

நண்பரிடம் சொன்னபோது அவர் வேறொரு நியாயம் பேசினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்டீரியோ வைத்துக்கொண்டு காரில் போகிறவனை யாரும் கேட்பதில்லை. காதைத் தீட்டிக்கொள் என்று சைக்கிள்காரனுக்கு மட்டும் உபதேசமா? இதில் உண்மை இருக்கிறது. ரோட்டில் கவனமாயிருக்கும் சுமையை எப்போதும் எளியவன் தலையில்தான் வைக்கிறோம். ஆனால் என்னால் விழுந்தவர் காரில் வரவில்லை. என்னையும்விட எளியவர். கார்க்காரனின் செவிட்டுத்தனத்தை, அவனைச் சுற்றியுள்ள இரும்பு இல்லாமலே, நான் கடன் வாங்கியிருந்தேன்; அதற்கான விலையை அவர் கொடுத்தார்.

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம், காதை அடைக்காத எலும்புவழிக் கருவிகள் வந்துவிட்டன என்கிறார்கள். அன்று தவறியது காது மட்டுமல்ல, கவனமும்தான். ஆலாபனை கேட்கிறவன் அரைக் கவனத்தில் கேட்டால் அது கேட்பதாகாது; முழுக் கவனத்தில் கேட்டால் ரோட்டில் அவன் இல்லை.

சைக்கிள் மணி வெறும் எச்சரிக்கை அல்ல. முன்னால் போகிறவனுக்குக் காது இருக்கிறது என்று பின்னால் வருகிறவன் வைக்கிற நம்பிக்கை அது. தோடியை வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். அந்த மணியை ரோட்டில்தான் கேட்க முடியும்.