சைலன்சரைக் கழற்றும் கலை: ஈயம் விட்டுச்சென்ற பழக்கம்

மோட்டார் வாகனத்தின் அடிப்புறத்தில் தொங்கும் புகைக்குழாய்த் தொகுதி முழுவதையும் நம்மவர்கள் ‘சைலன்சர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். சத்தத்தை அடக்குவது என்பதே அச்சொல்லின் பொருள். அதனாற்போலும், அதைக் கழற்றி எறிந்தால் போவது அமைதி மட்டுமே என்று எண்ணுவோர் பலர். கார் தன்னுடையது, வீட்டு முற்றமும் தன்னுடையது, சற்றுச் சத்தம் கூடினால் யாருக்கு என்ன நட்டம் என்பது அவர்களது வாதம். இந்தப் பழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தால் அந்த வாதம் எங்கே பிழைக்கிறது என்பது தெளிவாகும்.

கொழும்பில் இதைப் பேசுவதற்கு ஒருகொடவத்தையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பேஸ்லைன் வீதி அவிசாவளைப் பக்கம் செல்லும் வீதியைச் சந்திக்கும் அந்தச் சந்தியைச் சுற்றிக் கொள்கலன் முற்றங்களும் லொறித் தரிப்பிடங்களும் நிறைந்துள்ளன. அருகே கொலன்னாவையில் எரிபொருட் களஞ்சியம். 2021 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் ஒரு கிளையும் இங்கேதான் இறங்குகிறது. தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மோட்டார் வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவகமும் இங்குதான் உள்ளது. வாகனத்தைத் திருத்தக் கற்பவர்களும் வாகனப் புகையை நாள் முழுவதும் சுவாசிப்பவர்களும் ஒரே வட்டாரத்தில் வாழ்கிறார்கள். சிறிது தூரத்தில் கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகள். அங்கே வீதிக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே நான்கடி இடைவெளிகூட இல்லாத குடியிருப்புகள் உண்டு.

சைலன்சரைக் கழற்றும் ஆசை முதலில் பந்தயத் திடலிலிருந்து வந்தது. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. பின்னாளில் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தை விமான ஓடுபாதையிலும் பந்தயங்கள் நடைபெற்றன. பந்தயக் காரில் குழாயைத் திறந்துவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகை ஓர் அழுத்த அலையாகப் பாய்கிறது. குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் கணக்கிட்டு அமைத்தால், அந்த அலையின் பின்னே எழும் வெற்றிடம் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்து வெளியேற்ற உதவும். ஆயினும் அந்தக் கணக்கு இயந்திரத்தின் குறிப்பிட்ட வேகத்திற்கு மட்டுமே பொருந்துவது. உச்ச வேகத்தில் மலையேறும் காருக்கு அது பலன் தரலாம். மருதானை நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்குக் கிடைப்பது இரைச்சல் மட்டுமே.

இரண்டாவது காரணம் வறுமையும் தட்டுப்பாடும். 1960களின் தொடக்கத்திலிருந்தே இந்நாட்டில் வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இறுகின. 1970 முதல் 1977 வரையான காலத்தில் அவை உச்சத்தை எட்டின. மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடிக்கொண்டிருந்தது நமது பாஸ்மாரின் கைவண்ணத்தால்தான். துருப்பிடித்து ஓட்டையான குழாய்க்குப் புதியது கிடைக்காது. வெட்டி எறிந்துவிட்டுக் கிடைத்த இரும்புக் குழாயை ஒட்டவைத்து ஓட்டினார்கள். அது ஆடம்பரத்திற்காகச் செய்ததன்று, பிழைப்புக்காகச் செய்தது. அந்தக் கார்களின் சைலன்சர் உண்மையிலேயே சத்தத்தை மட்டும் அடக்கும் உருளையாக இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பானிலிருந்து பாவித்த கார்கள் வரத்தொடங்கின. கதை திரும்புவது இங்கேதான். அந்தக் கார்களிற் பலவற்றின் புகைக்குழாயில் புதிய உறுப்பொன்று பொருத்தப்பட்டிருந்தது. அதுவே ஊக்கி மாற்றி, கராஜ் வழக்கில் ‘கன்வேட்டர்’. தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி அதனுள்ளே இருக்கும். அதன்மீது பிளாற்றினம், பல்லேடியம், உரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். இயந்திரத்திலிருந்து வரும் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோக்காபனும் அதனூடே செல்லும்போது காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைதரசன் ஒட்சைட்டுகள் நைதரசனாகத் திரும்புகின்றன. நச்சு உள்ளே போகிறது, பெருமளவு நஞ்சற்ற வாயு வெளியே வருகிறது.

இக்கருவிக்கு வித்திட்டவர் யூஜின் ஹுட்ரி என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். அமெரிக்காவில் குடியேறிய அவர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தைக் கண்டு 1950களில் இதில் இறங்கினார். எனினும் அவருடைய கண்டுபிடிப்பு அவர் வாழ்நாளில் கார்களுக்குப் பயன்படவில்லை. அவர் 1962இல் காலமானார். அமெரிக்கக் கார்களில் ஊக்கி மாற்றி பரவலாக இடம்பிடித்தது 1975இல்தான். தடையாக நின்றது பெற்றோலில் கலந்திருந்த ஈயம். இயந்திரத்தின் தட்டல் ஓசையை அடக்க தொமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டறிந்த ஈயச் சேர்வை, 1923 முதல் அமெரிக்காவில் பெற்றோலுடன் கலந்து விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த தொழிலாளர்கள் நஞ்சேறி இறந்தார்கள். ஆயினும் விற்பனை உலகெங்கும் பரவியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதே ஈயம் ஊக்கியின் மேற்பரப்பில் படிந்து அதையும் செயலிழக்கச் செய்யும். சில தாங்கி பெற்றோலே அதற்குப் போதும்.

சாதாரண பெற்றோலில் ஈயத்தை 1975இலேயே நீக்கிவிட்ட ஜப்பானிலிருந்து, ஈயப் பெற்றோல் ஊற்றும் இலங்கைக்குக் கார்கள் வந்து சேர்ந்தன. அங்கே உயிரோடிருந்த ஊக்கி, இங்கே வந்து மாண்டது. செத்த ஊக்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு கல். அதைக் கழற்றச் சொன்ன பாஸின் ஆலோசனையை அக்காலத்தில் மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. இந்நாட்டுப் பெற்றோலில் ஈயம் முற்றாக நீங்கியது 2002இல்தான். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா அதைக் கைவிட்டது 2021இல்.

2002இல் கழற்றுவதற்கான காரணம் மறைந்தது. கழற்றும் பழக்கமோ மறையவில்லை. 2003இல் காற்று வெளியேற்றம், எரிபொருள், வாகன இறக்குமதி ஆகியவற்றின் நியமங்கள் குறித்த ஒழுங்குவிதிகள் வந்தன. 2008இல் மேல் மாகாணத்தில் புகைப் பரிசோதனை தொடங்கியது. அந்தச் சான்றிதழ் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற இயலாது என்றாயிற்று. பெற்றோல் வாகனங்களில் காபனோரொட்சைட்டையும் ஐதரோக்காபனையும் அளக்கிறார்கள். எனினும் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே. அதற்கு முதல் நாள் பழைய குழாயைப் பூட்டி மறுநாள் கழற்றுபவரை அந்தச் சான்றிதழ் என்ன செய்யும்?

புகைக்குழாயைக் கழற்றுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் பிறக்கிறது. குறுந்தூரம் ஓடும் கார்களில் அது முழுதும் ஆவியாகாமல் குழாயினுள்ளே தேங்கித் துருவேற்றுகிறது. வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்து அரிக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நம் கார்களெல்லாம் மூப்படைந்தன. எனவே உக்கிய குழாயைக் கழற்றிப் புதியது பூட்டுவது தேவையான வேலையே.

அதை வீட்டில் செய்பவர் சிலவற்றை நினைவிற் கொள்ளவேண்டும். இயந்திரம் முற்றாகக் குளிர்ந்த பின்னரே தொடவேண்டும், ஓடும்போது கன்வேட்டரின் உட்பகுதி பல நூறு பாகை வெப்பத்தில் இருக்கும். ஜக் ஒன்றை மட்டும் நம்பிக் காரின் கீழே போகக்கூடாது. சமதரையில் உறுதியான தாங்கிகள்மீது காரை நிறுத்தவேண்டும். துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாளிரவே துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவைக்க வேண்டும். ஒட்சிசன் உணரியின் வயரை முதலில் விடுவித்து, இறப்பர் தாங்கிகளை இறுதியாகக் கழற்ற வேண்டும். கன்வேட்டரைக் கீழே போட்டால் பீங்கான் நொறுங்கிவிடும். வேலை முடிந்தபின் மூடிய கராஜினுள் இயந்திரத்தை இயக்கிப் பார்க்கக் கூடாது. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

இன்னுமொன்று. கன்வேட்டரை ‘சும்மாவே கழற்றித் தருகிறேன்’ என்பவரிடம் அவர் தாராளத்தின் காரணத்தைக் கேட்டுப் பார்க்கலாம். 2021இல் உரோடியத்தின் விலை உலகச் சந்தையில் அவுன்சுக்கு 20,000 டொலரைத் தாண்டியது. கழற்றியவருக்கு உலோகம், உரிமையாளருக்கு இரைச்சல், அயலவருக்கு நஞ்சு என்பதே அந்தப் பங்கீடு.

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் பேரில் பொலிசார் வீதியில் இறங்கி, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிக அலங்காரங்களையும் ஒலி எழுப்பிகளையும் அகற்றச் சொன்னார்கள். சங்கங்கள் எதிர்த்தன, விவாதம் எழுந்தது. அந்த விவாதமும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் பற்றியதாகவே இருந்தது. இரைச்சலிடும் காரைப் பொலிசார் மறித்து நிறுத்தலாம். ஓசையின்றி ஒழுங்கையில் இறங்கி, தொட்டிலில் உறங்கும் குழந்தையின் மூச்சில் கலக்கும் வாயுவை யார் மறிப்பது? அதை மறித்து நிற்பதற்கென்றே ஒரு பீங்கான் கட்டியைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஈயம் போய் இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. இனி அந்தக் கட்டியை அதன் இடத்தில் விட்டுவைப்பதே முறை.