மெட்டு, கை, ஷிப்ட்: ஒரு நோட்டின் உடைமை குறித்துச் சில குறிப்புகள்

1

அருள்புரத்தில், பல்லடம் சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு நடக்கிறது. கூட்டத்திலிருந்து ஒருத்தர் நாதஸ்வரக்காரரிடம், “ஏனுங்க, அந்தத் தில்லானா மோகனாம்பாள் நோட்டை எடுத்து உடுங்க” என்றார். கேட்டவர் பனியன் கம்பெனி டெய்லர். விடிந்தால் ஷிப்ட். அவர் கேட்டபடியே நோட்டு வந்தது. சின்னப் பிள்ளைகள் ஆடின. பந்தி முடிந்தபின் நாதஸ்வரக்காரரிடம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். “எங்கய்யன் வாசிச்சாருங்க. காதுல உழுந்துச்சு, கைக்கு வந்துருச்சு” என்றார்.

காதிலிருந்து கைக்கு வருகிற இந்த வழிக்கு இசை வரலாற்றில் என்ன இடம்? ஒரு மெட்டு யாருடையது என்ற கேள்வியை ராயல்டி, காப்புரிமை என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம். யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் உதிர்கிறது என்று கேட்டால் விஷயம் வேறு மாதிரி விரிகிறது.

2

‘நோட்டு’ என்பது இங்கிலீஷ் சொல். சரக்கும் அங்கிருந்து வந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தது. அந்த முதலியார்கள் கம்பெனிக்கு துபாஷிகள். வெள்ளைக்காரனுக்கும் நம்ம ஊருக்கும் நடுவில் நின்று பேசியவர்கள். கோட்டையில் வாசித்த பேண்டு இசை அந்த நடுவாசல் வழியாகத்தான் தீட்சிதர் சகோதரர்களின் காதுக்கு வந்தது. பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். கர்நாடக இசைக்குள் வயலின் வந்த கதையில் இது முக்கியமான கட்டம். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் (மறைவு 1835) அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ ஆனது. ‘லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்காட்லாந்து நடன மெட்டு ‘ஜகதீச குருகுஹ’ ஆனது.

1905இல் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் ‘பிரதமாப்யாச புஸ்தகமு’ இவற்றில் பலவற்றை அச்சில் ஏற்றியது. அது தொடக்கப் பயிற்சி நூல். ஆக, கோட்டைச் சிப்பாயின் மெட்டு சங்கீதம் கற்கும் குழந்தையின் முதல் பாடங்களில் ஒன்றாகிவிட்டது. பின்னால் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் புதிதாக ஒரு ‘இங்கிலீஷ் நோட்டு’ அமைத்தார். மதுரை மணி ஐயர் அதைப் பாடிப் பாடிக் கச்சேரி மேடையில் பிரபலமாக்கினார்.

இதை ‘கலாச்சார ஒருங்கிணைப்பு’ என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. ராஜாவின் மெட்டைப் பிடுங்கி சாமிக்குக் கொடுத்த எதிர்ப்பு என்று வாசிக்கிறவர்களும் உண்டு. இரண்டு வாசிப்பிலும் கோட்டை பேண்டுக்காரனுக்குப் பெயர் இல்லை. பிறகு அதை ஊர்வலத்தில் ஊதிக்கொண்டு போன நாதஸ்வரக்காரனுக்கும் இல்லை.

3

மேலே சொன்ன அதே ரீல், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிகளோடு அட்லாண்டிக்கையும் கடந்தது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ‘லெதர் பிரிட்சஸ்’ என்ற பெயரில் பிடில் மெட்டானது. மணலிக்கு வந்தது கீர்த்தனை ஆயிற்று. மலைக்குப் போனது குடியானவன் ஆட்டம் ஆயிற்று. அங்கே பிடிலுக்குப் பக்கத்தில் பாஞ்சோ இருந்தது. அதன் மூதாதை, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் நினைவிலிருந்து வந்த சுரைக்குடுவை வாத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த வெள்ளையர் நாடக மேடைகள் அதைக் கைப்பற்றின. இருபதாம் நூற்றாண்டில் அது ‘வெள்ளை மலைவாசியின் வாத்தியம்’ என்றே அறியப்பட்டது.

அந்த வாத்தியத்தின் ஆகப் புகழ்பெற்ற மெட்டு ‘பாகி மவுண்டன் பிரேக்டவுன்’. 1949 டிசம்பரில் லெஸ்டர் பிளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் தங்கள் குழுவோடு பதிவு செய்தது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்று மூன்று விரல்களால் ஓயாமல் உருளும் வாசிப்பு. அந்த மூன்றுவிரல் முறை ஸ்க்ரக்ஸின் சொந்த மாநிலமான வடக்கு கரோலினாவில் அவருக்கு முன்பே இருந்தது. அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அவர். 1947இல் பில் மன்றோ பெயரில் பதிவான ‘புளூகிராஸ் பிரேக்டவுன்’ இதற்கு மிக நெருங்கிய உறவு. அந்தப் பதிவில் பாஞ்சோ வாசித்ததும் ஸ்க்ரக்ஸ்தான். பெயர் குழுத் தலைவருக்கு.

நமக்கு, குறிப்பாகத் திருப்பூர்க்காரர்களுக்கு, கவனத்துக்குரிய விஷயம் வேறொன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஸ்க்ரக்ஸ் ஷெல்பி நகரத்தில் ஒரு நூல் மில்லில் கூலி. பிளாட்டும் மில் தொழிலாளிதான். உலகம் கேட்ட பாஞ்சோ, ஸ்பின்னிங் மில் இரைச்சலைக் கேட்டுப் பழகிய காதுகளிலிருந்து வந்தது.

4

அங்கே அந்த மெட்டை ஊரெல்லாம் கொண்டுபோனது சினிமா. 1967இல் ‘போனி அண்ட் க்ளைட்’ படத்தில் கார் துரத்தலுக்கு அது ஒலித்தது. அடுத்த வருஷம், 1968இல், இங்கே ‘தில்லானா மோகனாம்பாள்’. சிவாஜியின் உதட்டில் நாதஸ்வரம், வாசித்தது மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். வெள்ளைக்கார விருந்தினர் முன்னால் நோட்டு முழங்குகிறது. கொட்டகையில் கைதட்டல் யாருக்கு விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாஞ்சோ கற்றவர்கள் ரெக்கார்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பிடித்துக் கற்றார்கள். 1968இல் ஸ்க்ரக்ஸே பயிற்சி நூல் வெளியிட்டார். தன் கையைத் தானே எழுதிவைக்கும் வாய்ப்பு அந்த மில் கூலிக்குக் கிடைத்தது. வெள்ளைத்தோல் அதற்கு உதவியது. பாஞ்சோவைக் கொண்டுவந்த கறுப்புக் கைகளுக்கு அது கிடைக்கவில்லை.

கொங்கு நாட்டில் மேளம் வாசிப்பவர்களில் பலர் நாவிதர் சமூகத்தார். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவதும் நாவிதரே. அந்த வாழ்த்து கம்பர் பெயரில் வழங்குகிறது. பெயர் கவிச்சக்கரவர்த்திக்கு, தொண்டை நாவிதருக்கு. நோட்டிலும் இதே பங்கீடுதான்: பெயர் சாகித்தியம் எழுதியவருக்கு, மூச்சு ஊதுகிறவருக்கு. இந்தச் சடங்கில் அவர் இல்லாமல் தாலி ஏறாது. ஆனாலும் பந்தியில் அவருக்கு எந்த இடம் என்பது நாம் அறியாததல்ல.

5

அதற்காக ‘காதுவழிக் கல்வி’யை ரொமான்டிக்காகத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அய்யனிடமிருந்து மகனுக்கு என்பது சாதிக்குள் அடைபட்ட வழி. மகளுக்கு அது பெரும்பாலும் திறக்கவேயில்லை. தொழிலோடு இழிவும் சேர்ந்தே கைமாறியது. மகன் சீவாளியை வைத்துவிட்டு ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தான் என்றால், அதைக் ‘கலை அழிகிறது’ என்று ஒப்பாரி வைக்க நமக்கு உரிமை கிடையாது. பனியன் கம்பெனி அவனுக்கு ஒரு விடுதலையும்கூட.

ஆனால் விடுதலைக்குக் கொடுத்த விலை நேரம். இங்கே ஒன்றரை ஷிப்ட் என்பது சாதாரணம். காலையில் போனால் இரவு ஒன்பது மணி. பீஸ் ரேட்டில் கை வேகமாகப் போகும், ஆனால் அந்த வேகம் மெட்டுக்குப் போகாது. அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் எந்தச் சாதிக்காரரும் படிக்கலாம். நல்ல விஷயம். வகுப்பு பகலில், ஷிப்டும் பகலில்.

கலை இலக்கிய இரவுகள் நடத்துகிறோம். மேடையில் மேளம் வாசித்தவரின் பெயரை நோட்டீஸில் எத்தனை முறை போட்டிருக்கிறோம்? எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையைக் கூலிக் கணக்காக மட்டுமே பேசி வந்திருக்கிறோம். மிச்சமாகும் மாலை எதற்கு என்று பேசவில்லை.

அன்று மண்டபத்தில் நோட்டு கேட்ட டெய்லர், கிளம்பும்போது அதையே சீட்டியடித்துக்கொண்டு டிவிஎஸ் வண்டியை உதைத்தார். சுதி பிசகவில்லை. காதுக்கு வந்துவிட்டது. கைக்கு வர அவருக்கு யார் நேரம் தருவார்கள்?