மிதிவண்டியில் வந்த போர்: கெமென்சே பாலமும் நம் தோட்டத்துச் செம்மண் சாலைகளும்



ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்த வரலாற்றை அண்மையில் வகுப்பில் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவர்களின் படைவீரர்கள் மிதிவண்டிகளில் ஏறி வடக்கிலிருந்து தெற்குவரை வந்தார்கள் என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. "சைக்கிள்ல வந்து ஒரு நாட்டைப் பிடிக்க முடியுமா ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி! நாம் ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடும் செய்தி இது. ஆனால் அந்த மிதிவண்டிகள் சென்ற வழி நம் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களின் ஊடேதான் சென்றது. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

மிதிவண்டிப் படை ஜப்பானியர் கண்ட புதுமையன்று. 1897-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 20 கறுப்பின வீரர்கள் மொன்டானா மாநிலத்திலிருந்து செயின்ட் லூயிஸ் நகர்வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரை 41 நாள்களில் மிதித்துக் கடந்தனர். அது ஒரு சோதனைப் பயணம். மிதிவண்டியைக் கொண்டு ஒரு தீபகற்பத்தையே வெல்ல முடியும் என்பதை உலகம் கண்டது மலாயாவில்தான்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி கரைகளிலும் இறங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஜனவரி 31-இல் பிரிட்டிஷ் படைகள் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் ஒதுங்கின. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர், 55 நாள்கள். மாணவர்களையே வகுத்துப் பார்க்கச் சொன்னேன். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர்! அதுவும் போரிட்டுக்கொண்டே.

இது எவ்வாறு இயன்றது? பின்வாங்கிய பிரிட்டிஷார் வழிநெடுகப் பாலங்களைத் தகர்த்தனர். லாரியும் பீரங்கி வண்டியும் ஆற்றங்கரையில் நின்றுவிடும். மிதிவண்டி வீரனோ வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவான். மேலும், போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மலிவாக விற்கப்பட்டிருந்தன. ஆகவே உதிரிப்பாகங்கள் சிற்றூர்களிலும் கிடைத்தன. பழுதுபார்ப்போரும் படையோடு சென்றனர். வெப்பத்தில் டயர் வெடித்துவிட்டால் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பு வளையத்தின்மீதே ஓட்டினர். இரவில் நூற்றுக்கணக்கான சக்கரங்கள் கற்சாலையில் எழுப்பிய ஓசையைக் கேட்டுப் பீரங்கி வண்டிகள் வருவதாக எண்ணி அஞ்சியோரும் உண்டு.

கெமென்சே பாலம்

கோலாலம்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியப் படையின் ஒரு பிரிவு சிரம்பான், தம்பின் வழியாகக் கிம்மாஸை நோக்கி வந்தது. கிம்மாஸுக்குச் சுமார் 11 கிலோமீட்டர் முன்னதாக, கெமென்சே ஆற்றுப் பாலத்தருகே ஆஸ்திரேலியாவின் 2/30-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஓர் அணி மறைந்து காத்திருந்தது.

1942 ஜனவரி 14, மாலை வேளை. மிதிவண்டி வீரர்கள் வரிசை வரிசையாக, எவ்விதக் கலக்கமுமின்றிப் பாலத்தைக் கடந்தனர். நூற்றுக்கணக்கானோரைச் செல்லவிட்டபின் ஆஸ்திரேலியர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். இருபுறமும் இருந்து சுட்டனர். பலர் துப்பாக்கியை மிதிவண்டியில் கட்டி வைத்திருந்ததால் எடுக்கவும் நேரமின்றி மடிந்தனர். ஆனால் முன்னே கடந்துசென்றவர்கள் சாலையோரம் கிடந்த தொலைபேசிக் கம்பியைக் கண்டு துண்டித்துவிட்டனர். அதனால் பின்னிருந்த பீரங்கிப் படைக்கு ஆணை சென்று சேரவில்லை. மறுநாளே ஜப்பானியப் பீரங்கி வண்டிகள் கிம்மாஸ் நோக்கி வந்துவிட்டன. ஒரு மாதத்தில், பிப்ரவரி 15-இல், சிங்கப்பூரும் சரணடைந்தது.

தம்பின் - கிம்மாஸ் சாலையில் இன்று அவ்விடத்தில் ஒரு நினைவுச்சின்னம் உள்ளது. அவ்வழியே செல்லும் பெற்றோர்கள் பிள்ளைகளோடு ஒரு பத்து நிமிடம் இறங்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

சாலையை அமைத்தவர் யார்?

ஜப்பானியரின் துணிவைப் போற்றியும் பிரிட்டிஷாரின் தவறுகளைப் பட்டியலிட்டும் பலர் எழுதியுள்ளனர். நான் என் மாணவர்களிடம் கேட்பது வேறு. மிதிவண்டி ஓடச் சாலை வேண்டுமல்லவா? அந்தச் சாலை எங்கிருந்து வந்தது?

இரப்பரையும் ஈயத்தையும் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லவே மேற்குக் கரையில் நல்ல சாலைகள் போடப்பட்டன. அவற்றிலிருந்து தோட்டங்களுக்குள் செம்மண் சாலைகள் கிளை பிரிந்தன. பெருஞ்சாலையில் எதிரி நின்றால், ஜப்பானியர் இந்தத் தோட்டத்துச் சாலைகளிலும் பால்மர நிரைகளின் ஊடேயும் புகுந்து பின்புறம் வந்துவிட்டனர். அந்தக் காட்டை அழித்ததும், மண்ணை வெட்டியதும், நிரைகளில் புல் மண்டாமல் காத்ததும் கங்காணி முறையில் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார்களின் கைகள். எந்தப் படையிலும் சேராத அவர்களின் உழைப்பின்மீதுதான் அந்தப் போர் உருண்டு சென்றது.

அதன்பின் நடந்ததையும் பிள்ளைகள் அறிய வேண்டும். இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் கூலி இல்லை, அரிசி இல்லை, மரவள்ளியே உணவாயிற்று. 415 கிலோமீட்டர் நீளச் சயாம் - பர்மா இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. பல்லாயிரவர் திரும்பவே இல்லை.

என் பாட்டி தம்பின் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். "ராத்திரி முழுக்கத் தகரத்த இழுத்துக்கிட்டுப் போற மாதிரி சத்தம்யா, அம்மா எங்க வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க" என்று அவர் சொல்வதைச் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். சயாமுக்குப் போன தம் அண்ணனைப் பற்றி ஒரேயொரு முறை பேசத் தொடங்கினார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். ஒப்படைப்பு வேலை இருந்தது. "அப்புறம் கேக்கிறேன் பாட்டி" என்றேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. கெமென்சே பாலத்தில் நின்ற படைப்பிரிவின் எண்ணை நூல்களில் படித்துச் சொல்ல முடிகிற எனக்கு, பாட்டியின் அண்ணன் பெயர் தெரியாது. வரலாறு கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய குறை வேறென்ன?

ஆகவே பெற்றோர்களே, அக்காலத்தைக் கண்ட முதியவர் உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ இருந்தால், இந்த வாரமே பிள்ளைகளை அவரருகே அமரச் செய்யுங்கள். அவர் எந்தத் தோட்டம், வீட்டிலிருந்து யார் யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்ற இந்த மூன்று கேள்விகள் போதும். சொல்வதை அவர் சொல்கிறபடியே எழுதி, பெயரையும் குறித்து வையுங்கள். ஆசிரிய நண்பர்களே, அதனை வகுப்பில் வாசிக்கச் செய்யுங்கள்.

அன்று சிரித்த அந்த மாணவன் மறுவாரம் ஒரு தாளோடு வந்தான். அவனுடைய கொள்ளுப்பாட்டி சொன்ன இரண்டு பெயர்கள் அதில் இருந்தன. இருவரும் சயாம் சென்றவர்கள். அந்தத் தாள் இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் உள்ள மலாயா வரைபடத்தின் அருகே ஒட்டப்பட்டிருக்கிறது.