பைட்கோடும் மெய்நிகர் இயந்திரமும்

பைட்கோடு என்பது எந்த ஒரு சில்லுக்கும் தனியே உரியதல்லாத கட்டளை வரிசை. நிரலர் எழுதியதைக் கம்பைலர் இந்த வடிவுக்கு மாற்றித் தரும். அதை வாசித்து நிறைவேற்றுவது, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே எழுதப்பட்ட மெய்நிகர் இயந்திரம் என்னும் மென்பொருள். ஜாவா பைட்கோட்டில் 2-ஐயும் 3-ஐயும் கூட்ட 5, 6, 96 என்ற மூன்று பைட்டுகள் போதும். முதலிரண்டும் எண்களை அடுக்கில் ஏற்றும். 96 அவற்றை எடுத்துக் கூட்டி, விடையை அடுக்கிலேயே வைக்கும்.

இந்த முறை ஜாவாவுக்கு மூத்தது. 1960-களில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பிசிபிஎல் மொழிக்கு ஓ-கோடு அமைத்தார். 1970-களில் பி-கோடு, ஒன்றுக்கொன்று ஒவ்வாத கணினிகளுக்குப் பாஸ்கல் மொழியைக் கொண்டுசென்றது. 1995-இல் வந்த ஜாவா இந்த முறையை உலகறியச் செய்தது. ஆனால் பைட்கோட்டால் பெரும்பயன் அடைந்தவர்கள், கருவி செய்யும் நிறுவனங்களில் குரல் இல்லாத மொழியினர்தாம். கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத, கோலாலம்பூரின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் செயலி இதற்குச் சான்று. 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அது வெளியீடு கண்டபோது பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது; உள்மென்பொருளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஜாவா கைப்பேசிகளில் மட்டும் ஒரு பொதுவாசல் திறந்திருந்தது. 160 முதல் 512 கிலோபைட் நினைவகம் உள்ள கருவிகளுக்கென வரையறுக்கப்பட்ட ஜாவாவின் சிறு மெய்நிகர் இயந்திரத்தில், எழுத்துரு இல்லாவிட்டாலும் செயலியே எழுத்தைத் திரையில் வரைந்துகொள்ள முடியும்.

பைட்கோடு மெதுவானது என்பார்கள். ஒவ்வொரு பைட்டையும் வாசித்துப் பொருள்கொண்டு இயக்குவதால் அது உண்மையே. ஆனால் குறுஞ்செய்தி தட்டுகையில் விரலுக்காகக் காத்திருப்பது இயந்திரம்தான். பெரிய கருவிகளில், அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓடும்போதே சில்லின் மொழிக்கு மாற்றும் முறை 1999-இல் வந்த ஹாட்ஸ்பாட் என்னும் ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் வேரூன்றியது. ஆண்ட்ராய்டும் 2014-இல், செயலியை நிறுவும்போதே மாற்றிவைக்கும் முறைக்குச் சென்றது. இன்னொரு மறுப்பு வலுவானது: ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்ற வாக்குறுதி முழுதாக நிறைவேறவில்லை. திரையின் அளவும் விசைகளின் எண்களும் மாறியதால் கைப்பேசிதோறும் சோதிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமை பெரிதுதான். ஆயினும் ஒவ்வொரு கருவியிலும் சோதிப்பது வேறு, ஒவ்வொரு நிறுவனத்தின் சம்மதத்துக்காகக் காத்துக்கிடப்பது வேறு. முன்னதை ஒரு சிறு குழுவே செய்துவிடலாம். பின்னதற்கு எவ்வளவு காலம் ஆகலாம் என்பதற்கு ஐபோன் சான்று: அதில் அஞ்சல், தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகைகள் உள்ளமைந்தே வந்தது 2013-இல்தான். செல்லினத்தின் முதல் வெளியீட்டுக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.