மினிட் புத்தகத்தில் இல்லாதவை

1994ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றில் ஓர் இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 1996 அக்டோபர் தேர்தலில், அய்யனார் கோவில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றுக்கு என் அம்மா தலைவரானாள். பெயர்தான் அவளுக்கு, நடத்துவது அப்பா என்றது ஊர். முதல் சில மாதங்கள் அது உண்மையும்கூட.

அந்த வருடத்து மினிட் புத்தகம் என்னிடம் இருக்கிறது. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. துணைத்தலைவர் மூன்று மாதம் போடவில்லை. மோட்டார் காயில் எரிந்து கிடந்தது. மலைத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ராஜபாளையத்துக்குப் போனது. எங்கள் தெருப் பெண்கள் தோட்டத்துக் கிணறுகளுக்கு நடந்தார்கள். புத்தகத்தில் “பொருள் ஒத்திவைக்கப்பட்டது” என்று மட்டும் இருக்கிறது.

அடுத்த கிராம சபைக்கு அவர்கள் காலிக் குடங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். அதுவும் பதிவாகவில்லை. அடுத்த பக்கத்தில் மோட்டார் செலவுக்கு இரண்டு கையெழுத்தும் இருக்கின்றன. அம்மாவுடையது கோட்டைத் தாண்டிப் பெரிதாக.