கத்தி கேட்காத கட்டி

மார்பில் ஒரு கட்டி. உடனே என்ன நினைப்பீர்கள்? 'புற்றுநோய்' என்றுதானே! கொஞ்சம் பொறுங்கள். நுரையீரலைத் தின்னும் காசநோய், அபூர்வமாக மார்பகத்திலும் வந்து உட்காரும்.

1829-லேயே லண்டன் சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால், மருந்து ஏது? கத்திதான் வழி. மார்பையே இழந்த பெண்களும் உண்டு.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அப்புறமும், 'டி.பி.' என்றால் ஊரைவிட்டுக் கிளம்பி சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. திருப்பூர் பக்கத்துக்காரர்களுக்குப் பெருந்துறை சானடோரியம்!

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நுரையீரல் காசநோய் வந்த ஏழைகளில் ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி அவரவர் வீட்டில். இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-ல் முடிவு வந்தது: குணமானதில் பெரிய வித்தியாசமில்லை! காப்பாற்றியது கட்டில் அல்ல, மாத்திரை.

இன்று மார்பகக் காசநோய்க்கும் மாத்திரைதான். ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்வார்கள். வழக்கமாக 2 மாதம் 4 மருந்து, பிறகு 4 மாதம் 3 மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசம். பெரும்பாலும் கட்டி கரைந்துவிடும். சீழ் கட்டினாலோ, கரைய மறுத்தாலோதான் கத்தி.

பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண், 'சொன்னா ஆபரேஷன், சம்பளம் போச்சு' என்று பயந்து கட்டியை மறைக்கிறாள் என்று வையுங்கள். அவளிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மொதல்ல டெஸ்ட் பண்ணிக்க கண்ணு. டி.பி.ன்னா மாத்திரைய நடுவுல நிறுத்திராத!"